அசையும் சுவரா, பதில் சொல்லும் பானையா?

சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பழைய மாணவர்கள் ஒன்றரை லட்ச ரூபாய் திரட்டி வைத்திருக்கிறார்கள். முன்கூடத்தில் இன்னொரு மார்பளவுச் சிலையோ நன்கொடையாளர் கல்வெட்டோ வேண்டாம், பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் அவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு கலைப்பொருள் வைப்போம் என்பது வரை எல்லாருக்கும் சம்மதம். எதை வைப்பது என்பதில்தான் இழுபறி. கொடை விழாக்களுக்கு ஒலிபெருக்கியும் சீரியல் செட்டும் கட்டும் குடும்பம் எங்களுடையது. சென்சார், மோட்டார் என்று கொஞ்சம் தள்ளிப் போனவன் நான். அதனால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அங்கே சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே யோசனையோடு வேறு பள்ளிகளும் நூலகங்களும் இருக்கக்கூடும்.

பம்பாயிலிருந்து போனில் வந்த அண்ணாச்சியின் ஆசையை முதலில் தள்ளிவைத்துவிடலாம்.

"தம்பி, லண்டன்ல மழை பெய்யுத ரூம் ஒண்ணு வச்சிருந்தாம்லா. ஆளு நிக்க எடத்துல மட்டும் மழை நின்னுருமாம். அது மாதிரி நம்ம பள்ளிக்கூடத்துல ஒண்ணு வச்சா என்ன?"

"குத்தாலத்துக்குப் பக்கத்துல இருந்துகிட்டு சாரலுக்கு மிஷின் வைக்கச் சொல்லுதியளே அண்ணாச்சி."

அவர் சொன்னது ராண்டம் இன்டர்நேஷனல் என்ற குழு 2012-ல் லண்டன் பார்பிகன் மையத்தில் வைத்த 'ரெயின் ரூம்'. முப்பரிமாணக் கேமராக்கள் ஆள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். அதற்கு நேர் மேலே இருக்கும் நீர்த்துளைகள் அடைபடும். மெதுவாக நடந்தால் நனைய மாட்டோம், ஓடினால் நனைவோம். தண்ணீரை வடிகட்டிச் சுழற்ற வேண்டும், தரை வழுக்கக் கூடாது, ஒரு நேரத்தில் சிலரைத்தான் உள்ளே விட முடியும். பள்ளிக்கூடத்துக்கு ஆகிற காரியமில்லை. ஆனாலும் அண்ணாச்சிக்கு அது ஏன் பிடித்தது என்பது கவனிக்க வேண்டியது. அதன் விதி, பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. விளக்கப் பலகை வேண்டாம், வழிகாட்டி வேண்டாம்.

அதுதான் என் முதல் அளவுகோல். பிள்ளை வந்து நின்று ஏதோ செய்ததும், 'நான் செய்தேன், அது பதில் சொன்னது' என்று தானே கண்டுகொள்ள வேண்டும். இதில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. செய்கைக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆனால், இரண்டும் ஒட்டாமல் நிற்பதை மனம் பிடித்துவிடும். வில்லுப்பாட்டில் முன்பாட்டுக்காரர் வரியை முடித்ததும் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுகிறாரே, அது அரை நொடி பிந்தினால் கதை படுத்துவிடும். இங்கேயும் அதே கதைதான்.

இரண்டாவது அளவுகோல்: ஆள் மாறினால் பதிலும் மாற வேண்டும். கொக்கிரகுளத்தில் ஆற்றோரம் 1987 முதல் நடக்கும் மாவட்ட அறிவியல் மையத்தை நெல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே பொத்தானை யார் அழுத்தினாலும் ஒரே விளைவு வர வேண்டும், ஏனென்றால் இயற்கையின் விதியைக் காட்டுவது அதன் வேலை. கலைப்பொருள் அப்படி இருந்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும்.

மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. அடுத்த வருஷம் அது நின்றுபோனால் யார் சரிசெய்வார்? வாங்கும்போது படம் எடுத்துப் போட ஆள் இருக்கும். பழுதானால் மேலே துணி போர்த்தி மூலையில் வைத்துவிடுவார்கள். அந்தத் துணி போர்த்திய கோலத்தில் நிறையச் சாமான்களை நான் நிறையப் பள்ளிகளில் பார்த்தாயிற்று.

இனி அவர்கள் காகிதத்தில் எழுதி வைத்திருந்த யோசனைகளுக்கு வருகிறேன்.

மிதித்தால் ஒளிரும் எல்இடி தரையை வாடகைக்கு எடுப்பது ஒன்று. கல்யாண மண்டபத்துக்குச் சரி. ஆண்டு விழா முடிந்த மறுநாள் லாரியில் ஏறிப் போய்விடும். பணமும் அதோடு போகும். இதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது பலரும் விரும்பிய அசையும் சுவர். சுவரில் புரொஜெக்டர் படம், எதிரே கேமரா. பிள்ளை கையை ஆட்டினால் சுவரில் தண்ணீர் அலையும், மீன் விலகும். இந்த வித்தைக்கு வயசு அதிகம். அமெரிக்காவில் மைரன் குரூகர் 1970களிலேயே 'வீடியோபிளேஸ்' என்று கேமராவையும் கணினியையும் இணைத்து, பார்வையாளரின் நிழலுருவத்தைத் திரையில் விளையாட விட்டவர். 1999-ல் கமீல் அட்டர்பேக்கும் ரோமி அகிடுவும் செய்த 'டெக்ஸ்ட் ரெயின்' எனக்கு இந்த வகையில் மிகவும் பிடித்தது. மேலிருந்து எழுத்துகள் மழையாக விழும். நம் உருவத்தின் தோளிலும் நீட்டிய கையிலும் தங்கும். துணியை விரித்துப் பிடித்தால் ஒரு வரியே சேர்ந்து வாசிக்கக் கிடைக்கும்.

ஓவிய ஆசிரியர் இதைப் பிள்ளைகள் எழுதிய தமிழ் வரிகளைக் கொண்டு செய்யலாம் என்றார். நல்ல யோசனை. ஒரு நுணுக்கம் மட்டும்: கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'கொ' என்பது ஓர் எழுத்தாக இல்லை, 'க' தனி, ஒகரக் குறி தனி. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே போட்டால் ஒற்றைக் கொம்பும் காலும் உடம்பை விட்டுத் தனியே விழுந்துகொண்டிருக்கும். எழுத்துக் கூட்டமாகப் பிரிக்கும்படி நிரலில் சொல்ல வேண்டும்.

இந்தச் சுவரின் எதிரி வெயில். 3500 லூமன் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் ஒன்று ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். அதை 3 மீட்டர் அகலம் 2 மீட்டர் உயரத்துக்கு விரித்தால் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 லூமன்கூடத் தேறாது. நேர் வெயிலோ அதே அளவையில் ஒரு லட்சத்தை ஒட்டியது. அந்தப் பள்ளி முன்கூடம் ஒரு பக்கம் முற்றத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. வெள்ளையடித்த முற்றச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே படத்தை விழுங்கிவிடும். காலை பதினொரு மணிக்கு மீனும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. கூடத்தை அடைத்து இருட்டாக்கினால் காற்று வராது. சித்திரையில் அந்தக் கூடத்தில் பிள்ளைகளை யார் நிற்க வைப்பது?

கேமராவிலும் சிக்கல் உண்டு. ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று அளக்கும் கேமராக்களில் புகழ்பெற்றது மைக்ரோசாஃப்டின் கினெக்ட். 2010-ல் வந்தது, 2017-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக இன்னும் கிடைக்கிறது, ஆனால் அது அகச்சிவப்பு ஒளியை நம்பியது. வெயிலில் அகச்சிவப்பு கொட்டிக் கிடப்பதால் கண் கூசி நிற்கும். சாதாரண வெப்கேமிலேயே உடம்பின் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் மீடியாபைப் இலவசம்தான். ஒரு பிள்ளை தனியாக நின்றால் அருமையாகப் பிடிக்கும். மணியடித்ததும் ஒரு வகுப்பே பாய்ந்து வந்து நின்றால் யார் கை யாருடையது என்று திண்டாடும். அதற்கு மேல் கணினி ஒன்று எப்போதும் ஓட வேண்டும். கரண்ட் போய் வந்ததும் அது தானே எழுந்து, தானே நிரலைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் சுவர் முழுக்க 'விண்டோஸ் அப்டேட் ஆகிறது' என்ற அறிவிப்பைத்தான் ஊரே பார்க்கும். விளக்கு வைத்த மலிவுப் புரொஜெக்டர் என்றால் நாலாயிரம், ஐயாயிரம் மணி நேரத்தில் விளக்கு மாற்ற வேண்டும், திடீர் மின்வெட்டும் அதற்கு ஆகாது. லேசர் வகை 20,000 மணி நேரம் வரும். விலை நம் கைக்கு மிஞ்சும்.

ஆனாலும் இதைக் குப்பையில் போட நான் தயாரில்லை. இருட்டரங்கில், இரண்டு மூன்று நாள் விழாவுக்கு, கூட்டம் கூட்டமாக வந்து பார்ப்பதற்கு இதை அடிக்க வேறொன்றும் இல்லை.

மூன்றாவது, ஓலைக் கண்ணாடி. நியூயார்க்கில் டேனியல் ரோசின் 1999-ல் 'மரக் கண்ணாடி' செய்தார். 830 மரத்துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். நடுவில் ஒளிந்திருக்கும் கேமரா எதிரே நிற்பவரைப் பார்க்கும். அதற்கேற்ப மரத்துண்டுகள் சாய்ந்து மேல் வெளிச்சத்தை ஏற்கவும் மறைக்கவும் செய்யும். மரத்திலேயே நம் முகம் தெரியும். இதை நம் ஊர்ச் சாமானில் செய்யலாம்: பனையோலைச் சதுரம், பத்தமடைக் கோரைப்பாய்த் துண்டு, அம்பாசமுத்திரம் கடைசல் வேலைக்காரர்கள் அரக்குப் பூசிய மர வில்லை. எடை குறைந்ததால் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன சர்வோ மோட்டாரே போதும். எனக்குத் தனிப்பட்ட முறையில் இதன் மேல்தான் ஆசை. ஓலைகள் ஒன்றாகச் சரசரத்துத் திரும்பும் சத்தமே பாதிக் கலை.

கணக்குப் போட்டால் ஆசை கொஞ்சம் அடங்குகிறது. 12-க்கு 8 என்று வைத்தாலே 96 மோட்டார். உலோகப் பல்சக்கரம் உள்ளவை வேண்டும். பிளாஸ்டிக் பல் தொடர் ஓட்டத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு கட்டுப்பாட்டுப் பலகை 16 மோட்டாரை ஓட்டும், ஆக ஆறு பலகை. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பினால் 5 வோல்ட்டில் பல பத்து ஆம்பியர் இழுக்கும். மெல்லிய ஒயர் போட்டவர் கையைச் சுட்டுக்கொள்வார். அத்தனை செய்தும் 96 துண்டில் முகம் தெரியாது. ஆள் அசைவதும் கை தூக்குவதும் தெரியும், அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஓலை நெளியும். ஒரு வருஷத்தில் ஏழெட்டு மோட்டார் போகும் என்று வைத்துக்கொண்டு பின்பக்கம் திறக்கிற மாதிரிக் கதவு வைத்துச் செய்தால் நிற்கும். சாமான் செலவு எண்பதாயிரத்தைத் தொடும்.

இப்போது பானைக்கு வருகிறேன். இந்த யோசனை வந்த இடம் நெல்லையப்பர் கோயில் மணிமண்டபம். பெரிய தூணைச் சுற்றி ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்கள். எதைத் தட்டுகிறோமோ அதற்கேற்ற சுரம். கல்லில் நம்மால் முடியாது, மண்ணில் முடியும். பக்கத்திலேயே காருக்குறிச்சியில் வேளார் வீடுகளில் பானை கிடைக்கிறது. பன்னிரண்டு பானை, அளவு மாறி மாறி, மர மேடையில் வரிசையாக. பிள்ளை ஒரு பானையை விரலால் தாளம் போட்டுத் தட்டினால் பக்கத்துப் பானை அதே தாளத்தை, தன் குரலில், திருப்பித் தட்டும்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான். பானையின் கழுத்துக்குக் கீழே உட்புறம் ஒட்டிய பைசோ தகடு, எட்டணா அகலம். தட்டும் அதிர்வை அது மின்துடிப்பாக மாற்றும். ஆர்டுயினோ என்ற கையடக்கக் கட்டுப்பாட்டுப் பலகை அதை எண்ணி, ஒரு பக்க நிரலில் நேரங்களை நினைவில் வைக்கும். பிறகு பக்கத்துப் பானையின் இடுப்பருகே நிற்கும் 12 வோல்ட் சொலினாய்டுக்கு (கரண்ட் பாய்ந்ததும் கம்பியை முன்னே தள்ளும் சுருள்) இருபது முப்பது மில்லி வினாடி கரண்ட் கொடுக்கும். நுனியில் தோல் ஒட்டிய மரக்கட்டை பானையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். இரும்பு நுனி நேரே பட்டால் பானை ஒரு வாரத்தில் விரியும். தோலுக்குப் பதில் ரப்பர் வைத்தால் பானை வாழும், சத்தம் செத்துப்போகும். தோல்தான் சரி. இன்னொன்று, சுத்தியல் அடித்த அதிர்வைத் தகடு யாரோ தட்டியதாக நினைத்துத் திரும்பவும் பதில் அனுப்பும். பானைகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தால் கரண்டைப் பிடுங்கும் வரை நிற்காது. அடி விழுந்த பின் கால் வினாடி அந்தப் பானையின் தகட்டைக் காது கேளாதபடி வைத்துவிட்டால் தீர்ந்தது. நிரல் எங்காவது தொங்கிச் சொலினாய்டு கரண்டிலேயே நின்றுவிட்டால் சுருள் கருகும். ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் வேண்டும்.

பதில் ஆளுக்கு ஆள் மாற வேண்டும் என்றேன். இங்கே ரஃபேல் லொசானோ ஹெம்மரின் 'பல்ஸ் ரூம்' கை கொடுக்கிறது. 2006-ல் செய்தது. பிடியைப் பிடித்தால் நம் நாடித்துடிப்பு முதல் பல்பில் மின்னும். அடுத்தவர் பிடித்ததும் நம் துடிப்பு ஒரு பல்பு தள்ளிப் போகும். அறை முழுக்க நமக்கு முன் வந்தவர்களின் நாடி. நம் வரிசைக்கும் அதே ஏற்பாடு செய்யலாம்: முதல் பானையில் ஒரு பிள்ளை போட்ட தாளம் இரண்டாவதில் தங்கும்; அடுத்த பிள்ளை தட்டியதும் மூன்றாவதுக்கு நகரும். கடைசிப் பானையைத் தாண்டினால் மறைந்துபோகும். யாராவது கூடத்தில் நடந்தால் வரிசை மெல்ல ஒருமுறை தானாகத் தட்டிக் காட்டும். எட்டாம் வகுப்புப் பையன் 'அது நான் போட்டதுலே' என்று கூட்டாளியிடம் சொல்லிக் காத்திருப்பான்.

யாரோ நடப்பதைக் கண்டுபிடிக்க எல்லாரும் முதலில் கைவைப்பது பிஐஆர் சென்சார், விலை நூறு ரூபாய்க்குள். அது உடம்புச் சூட்டுக்கும் பின்னாலிருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. அக்கினி நட்சத்திரத்தில் நம் சுவரே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்போது அதற்கு மனிதரும் சுவரும் ஒன்றுதான். ரேடார் சென்சார் வெயிலுக்கு அசையாது, ஆனால் சீலிங் ஃபேனை ஆள் என்று நினைக்கும். ஒலி அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் 4 மீட்டர் வரை பார்க்கும்; சேலையும் தாவணியும் ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சினாலும் வாசல் அகலத்துக்குப் போதும். அதையே சொன்னேன்.

தட்டியது முதல் பதில் வரை இதில் கண்ணுக்கும் காதுக்கும் தாமதம் தெரியாது. கேமரா, கணினி, புரொஜெக்டர் என்று மூன்று கை மாறும் சுவரில் அது தெரியும். கரண்ட் போய் வந்தால் இரண்டு வினாடியில் ஆர்டுயினோ எழுந்துவிடும். பானை உடைந்தால் இன்னொரு பானை. மர மேடை, சொலினாய்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடியும். ஊர் எலக்ட்ரீஷியனே பியூஸ் மாற்றலாம். பிள்ளைகள் கருவி செய்து பழக மத்திய அரசு கொடுக்கும் அடல் டிங்கரிங் லேப் கிடைத்த பள்ளி என்றால் ஆர்டுயினோ பெட்டி பீரோவில் இருக்கும், நிரலைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே திருத்தலாம். கேமரா இல்லாததால் பிள்ளைகளின் படம் எங்கே போகிறது என்ற கேள்வியும் இல்லை.

தலைமையாசிரியருக்கு ஒரு மனக்குறை.

"கணக்குப் பாடம் நடக்கையில டொக்கு டொக்குன்னு அடிச்சா நான் என்ன செய்ய?"

நியாயம்தான். நேரம் காட்டும் சின்ன கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்து, இடைவேளையிலும் மதியத்திலும் மணியடித்த பிறகும் மட்டும் பானைகள் பதில் சொல்ல வைக்கலாம். மற்ற நேரம் வெறும் பானை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஓவிய ஆசிரியர் எழுப்பியது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு வருஷம் கடந்து நடக்கின்றன. அங்கிருந்து பிள்ளைகள் விருந்தினராக வருவதுண்டு. பார்வையற்ற பிள்ளைக்குப் பானை அப்படியே கையில் கிடைக்கும், சுவர் ஒன்றும் தராது, ஓலையில் சரசரப்பு மட்டும்தான். காது கேளாத பிள்ளைக்கு நேர்மாறு. இதில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவரை விட்டதாகிவிடும் என்றார் அவர். உள்ளங்கையைப் பானை வயிற்றில் வைத்தால் அடி உள்ளே அதிர்வது நன்றாகத் தெரியும்; அதற்கு வாகாக மேடையின் உயரத்தைக் குறைத்து, பானைகளுக்கு நடுவே கை வைக்க இடம் விட வேண்டும். ஒவ்வொரு பானைக்குள்ளும் அடி விழும் கணத்தில் மின்னும் சின்ன விளக்கு வைத்தால் செலவு சில நூறுதான் கூடும். சக்கர நாற்காலி மேடைக்கு அடியில் நுழையும்படி முன்பக்கம் பலகை அடிக்காமல் விடச் சொன்னேன். சுவருக்கு ஒலியைச் சேர்ப்பதைவிட பானைக்கு ஒளியைச் சேர்ப்பது சுலபம் என்பது என் கணக்கு.

ஆக நான் சொன்ன யோசனை: முன்கூடத்துக்குப் பானை. ஆண்டு விழாவின்போது மட்டும் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, உள்ளரங்கில் ஜன்னலை மூடி, பிள்ளைகள் எழுதிய வரிகளை அவர்கள் மேலேயே பெய்ய விடுவது. ஓலைக் கண்ணாடியைப் பொறுத்தவரை, பானை ஒரு வருஷம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம். முப்பதாயிரத்தைப் பள்ளிக் கணக்கில் பழுதுக்கென்று தனியே போட்டுவைக்க வேண்டும். இதற்குத்தான் பழைய மாணவர்கள் முகம் சுளித்தார்கள். நன்கொடைப் பணம் பாங்கில் சும்மா கிடப்பதில் யாருக்கும் பெருமை இல்லை. உங்கள் கூடம் நாலு பக்கமும் அடைத்து, ஏசி போட்டு, கணினி பார்க்கத் தனி ஆள் இருக்கிற இடம் என்றால் என் பதில் மாறும், சுவரையே போடுங்கள் என்பேன். நூலக வாசிப்பறை என்றால் பானையும் வேண்டாம், ஓலைதான்.

பானையை மழைக்கு முன்னே சொல்லி வையுங்கள். அடைமழையில் சூளை வைப்பது சிரமம். பன்னிரண்டு தேவை என்றால் குறைந்தது இருபது வாங்க வேண்டும். போட்டோ அனுப்பி ஆர்டர் போடாமல் நேரில் போய், ஒவ்வொன்றையும் வாயைப் பிடித்துத் தூக்கி மடக்கிய விரலால் சுண்டிப் பாருங்கள். கீறல் இருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். சுரம் பார்த்து வரிசையாக அடுக்கி, அடியில் சாக்கட்டியால் எண் போட்டு எடுத்துவாருங்கள். வண்டியில் வைக்கோல் நிறையப் போடச் சொல்லுங்கள்.